என் கதாநாயகன் வீட்டுக்குப் போனது

என் கதாநாயகர்கள் எல்லோருக்கும் மனத்தில் ஓர் ஆறாத காயம் இருக்கும். இல்லாவிட்டால் வாசகிகள் சீந்த மாட்டார்கள். சிரித்த முகமாக, வேளைக்குச் சாப்பிட்டு, கேட்டால் பதில் சொல்கிற ஆணை வைத்தும் ஒரு கதை எழுதிப் பார்த்தேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த ரகம்தான். ஏர்கோன் பழுது பார்க்கிறார், சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். அவரை வைத்து எழுதினால் யார் படிப்பது?

பகலில் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்திருப்பேன். கூட்டமில்லாத நேரத்தில் கைப்பேசியில் தொடர்கதை தட்டி இணையத்தில் போடுவேன். அத்தியாயத்தை எங்கள் உலகத்தில் எபி என்பார்கள். எபி வருவதற்கு முன், ஆவலைக் கிளப்ப ஒரே ஒரு வரியை டீசர் என்று போட்டு வைப்போம். எழுதுகிறவள் எத்தனை வயதுக்காரியாக இருந்தாலும் அவளுக்குப் பெயர் சிஸ்தான்.

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த கதையின் நாயகன் மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் வசிப்பவன். சின்ன வயதில் அம்மா விட்டுவிட்டுப் போனதால் வாய் பூட்டிக்கொண்டவன். அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் தன் அன்பாலேயே அவனை மீட்க வேண்டும். அவன் எதை உடைத்தாலும் அவள் போக மாட்டாள். போய்விட்டால் கதை ஏது?

ஒவ்வொரு எபிக்கும் ஒரு பெண் தவறாமல் செய்தி அனுப்புவாள். அப்படியே எங்கள் வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது, அவருக்கும் அம்மா விட்டுப் போனதுதான், நாங்களும் பழைய தோட்டத்தில்தான் இருக்கிறோம் என்பாள். நாளடைவில் எபிகளை அவருக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னாள். ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்து என் கதையைக் கேட்கிறானா! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாகான் டத்தோவில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழிதான், வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று அவள் கெஞ்சினாள். காரைத் திருப்பினேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டிருந்தார்கள். உள்ளே போகப் போக நடுமதியம் அந்திபோல ஆனது. நாய் குரைக்கவில்லை. பாதி இடிந்த தொழிலாளர் லயத்தில் ஒரே ஒரு வீட்டுக் கொடியில் மட்டும் துணி காய்ந்தது.

வாசலில் ஜம்பு மரம், அதில் ஊஞ்சல். என் கதையிலும் அதே இடத்தில் அதே ஊஞ்சல். தோட்டம் என்றால் மரம் இருக்கும், மரம் என்றால் ஊஞ்சல் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிட்டே போனால் கயிறு புத்தம் புதிது. ஊஞ்சல் எபி வந்த அன்றைக்கே அவர் கட்டிவிட்டதாக அவள் பெருமையாகச் சொன்னாள்.

அவளுக்கு என் தங்கை வயது இருக்கும். காப்பி நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து உரிந்திருந்தது. என்னம்மா இது என்று பதறினேன். அவள் வெட்கப்பட்டாள்.

"எபி பதினாலு, சிஸ்."

பதினாலில் நாயகன் கொதிக்கிற காப்பியை வீசுவான். நாயகி தன் கையைப் பார்க்காமல், உங்களுக்கு வலிக்கிறதா என்று அவனைக் கேட்பாள். அந்தக் கதையிலேயே அதிகமாக இதயக்குறி வாங்கிய எபி அதுதான். வேண்டுமென்றே ஊற்றினாரா என்று கேட்டேன்.

"கதையில அவன் வேணும்னா செஞ்சான்? உள்ள இருக்கிற வலி சிஸ். முன்னெல்லாம் நாள் கணக்கா பேசவே மாட்டாரு. இப்ப கோவமாச்சும் வருது. நல்லதுதானே?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்தார். தேய்த்த சட்டை, நான் எழுதியிருந்தபடி இடப்பக்கம் வகிடு. குரலே எழும்பாத மரியாதையான ஆள். உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும் அக்கா என்று பின்பக்கம் அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைத்த கொட்டகை அங்கே நின்றது. உள்ளே சுத்தமாகக் கூட்டி, ஒரு பாய் விரித்து, பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் வைத்திருந்தது. கதவின் வெளித்தாழ்ப்பாளில் புதுப் பூட்டு தொங்கியது.

முந்தின நாள் நான் போட்ட டீசர் இதுதான்: புகைக் கொட்டகைக் கதவை அவன் வெளியே இருந்து பூட்டினான். அடுத்த எபியில் அவள் உள்ளே கிடப்பாள், அவன் வாசலில் உட்கார்ந்து முதல்முறையாக அழுவான், அந்த அழுகையில் காயம் ஆறும். அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன்.

"எவ்ளோ நேரம் பூட்டி வைக்கணும்னு நீங்க போடலையே அக்கா," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "அதுக்கப்புறம் எனக்கு நல்லாயிரும்லா?"

அவர் கண் கலங்கியிருந்தது. முகத்தில் ஒரு பொட்டுக் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த மனிதர் உண்மையாகவே குணமாக விரும்பினார். மருந்துச் சீட்டை என் கையில் எதிர்பார்த்து நின்றார்.

எதையோ உளறிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அவள் காதோடு காதாக, இப்பவே வந்து என் வண்டியில் ஏறு என்றேன். அவள் சிரித்தாள்.

"நல்லாவுற நேரத்துல யாராச்சும் விட்டுட்டுப் போவாங்களா சிஸ்? உங்க கதையில எவ போனா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், நகரவில்லை. கிளினிக் முகவரி அட்டையை மட்டும் அவள் கையில் திணித்தேன். போலீசில் சொன்னால், பூட்டு வாங்கியது ஒரு குற்றமா என்பார்கள். கை வெந்ததைக் காட்டலாம் என்றால் அவளே கைதவறி ஊற்றிக்கொண்டதாகச் சொல்வாள். கல்யாணமாவது கத்திரிக்காயாவது என்று பெரிய ரோட்டுக்கு வந்து, அடைத்துக் கிடந்த ஒரு கடையோரம் காரை நிறுத்தி எழுத உட்கார்ந்தேன். நாயகன் பூட்டைத் தூக்கி எறிகிறான். அவளைத் தானே பஸ் ஏற்றிவிடுகிறான். எனக்குக் குணமாகும்வரை உன் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறான். அவள் ஈப்போவுக்குப் போகிறாள், பல் கிளினிக்கில் ஓர் அக்காவிடம். கதையோட்டம் நாசமாய்ப் போகட்டும் என்று எழுத்துப்பிழையோடு அப்படியே போட்டேன். வாசகிகள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

மறுநாள் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். கையில் துணிப்பை.

"அவரே பஸ் ஏத்திவிட்டாரு சிஸ். நீங்க எழுதுன மாதிரியே," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில். கூடவே பயமும் வந்தது.

ஈப்போ பக்கத்திலேயே ஜெலாப்பாங்கில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன். அங்கேயே ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறாள். கை ஆறிவிட்டது. அவர் ஒருமுறைகூட அவளைத் தேடி வரவில்லை, போனும் செய்யவில்லை. தினமும் காலையில் அந்தக் கதையின் கீழே ஒரு வணக்கம் மட்டும் போடுகிறார். நான் எழுதட்டும் என்று காத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. இருவரையும் சேர்த்து வைத்தால் அன்றைக்கே ஜெலாப்பாங்கில் வந்து நிற்பார். அவன் திருந்தவே இல்லை என்று எழுதினால் என்ன செய்வாரோ தெரியாது. முடிக்கத் தெரியாவிட்டால் அவனைச் சாகடித்துவிடுங்கள் சிஸ் என்று ஒரு வாசகி விளையாட்டாகக் கேட்டிருந்தாள். அவர் கண்ணில் படுவதற்குள் அந்த வரியை அழித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. தேத்தண்ணி போட்டு, கேக் வெட்டிக் கொடுத்தாள். வேலையிடத்துக் கதைகளைச் சொல்லிச் சிரித்தாள். அப்பாடா, பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்துக் கிளம்ப எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய எபி வேணாம் சிஸ். அவனுக்கு நல்லாயிருச்சின்னு ஒரே ஒரு வரி எழுதிடுங்க. நான் துணியெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கேன்."

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கட்டித்தான் வைத்திருந்தாள்.