இப்ஹாமின் எழுத்துரிமை

தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த இப்ஹாம், புத்தளத்துப் பாலாவியில் சரீப் ஹாஜியாரின் உப்புக் கம்பனியில் வேலை பார்த்தார். மென்பொருளுக்குக் காசு கொடுக்க ஹாஜியாருக்கு மனமில்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைத் தானே படித்து, அலுவலகக் கணினிகளை இணைத்தவரும் இப்ஹாமே. பெரிய கணினியில் பொதுக் கோப்புறை இருந்தது. லொறிகளின் நிறையைத் தன் மேசையிலிருந்தே அதில் பதிவார். அந்தப் பதிவுதான் அங்கே அவரை ஓர் ஆளாக வைத்திருந்தது.

2014 ஆவணியில் ஒரு காலை, கோப்பு திறந்தது. சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

தன் பிழை என்றே இப்ஹாம் நினைத்தார். கோப்பு யாருடையது என்று பார்த்தார், அவருடையதுதான். பெரிய கணினி ஆளின் பெயரைப் பார்ப்பதில்லை, ஆளுக்குக் கொடுத்த எண்ணைத்தான் பார்க்கும். இரண்டு கணினியிலும் அவருடைய எண் ஒன்றாகவே இருந்தது. கோப்புறையைக் கழற்றி மறுபடி இணைத்தார். பலனில்லை. கடைசியில் பெரிய கணினியின் முன் உட்கார்ந்து, எந்த மேசைக்கு என்ன உரிமை என்ற அமைப்பைத் திறந்தார். ஹாஜியாரின் மகளைக் கட்டிய ஸியாத்தின் புதுக் கணினிக்கு எழுதும் உரிமை. இவருடையதற்கு வாசிக்க மட்டும். பழுது ஒன்றுமில்லை. யாரோ வேண்டுமென்றே செய்தது.

"ஹாஜியார், எனக்கு எழுத ஏலாமச் செஞ்சிரிக்கி."

"ஓம் தம்பி, நாந்தான் ஸியாத்துக்கிட்டச் சொன்னேன்." ஹாஜியார் தேத்தண்ணியை ஆற்றினார். "சண்ட முடிஞ்சிட்டு. உங்கட ஆக்கள் ஊருக்குப் போறாங்க. நீங்களும் போனா நாங்க ஆரத் தேடுற?"

"எங்க போற? எங்கட வீட்டு வளவு காடாக் கிடக்கு. அங்க போனா என்னப் புத்தளத்தான் எண்டுறாங்க."

"அப்ப இங்க மட்டும் புத்தளத்தானா?" என்று ஹாஜியார் சிரித்தார். "சும்மா பகிடிக்குத் தம்பி. வேலய விடச் சொல்லல்லியே."

திரும்பி வந்து இப்ஹாம், தனக்கும் எழுதும் உரிமை வர, அமைப்பில் ஓர் எழுத்தை மாற்றினார். நிர்வாகக் கடவுச்சொல் ஸியாத்திடம் போனாலும் அவரிடமும் இருந்தது. சேமிக்கும் முன் கை நின்றது. நாளை நிறையில் ஒரு கிலோ குறைந்தாலும், களவாகத் திறந்தவன் அகதி என்பார்கள். எழுத்தைப் பழையபடி வைத்தார்.

நிறை எழுதிய லொறித் துண்டுகளை அள்ளிக்கொண்டு ஸியாத்தின் மேசைக்குப் போய், கதிரையை இழுத்துப் போட்டு, அவன் பதிவதற்காக முதல் வண்டியின் நிறையை உரக்க வாசித்தார்.

"கொஞ்சம் மெதுவா, இப்ஹாம் நானா," என்றான் ஸியாத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.