ஒரு வரிசை மட்டும் பச்சை

என் தம்பி தேவதாஸ் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் 1994இல் கோத்தகிரி மலையில் ஓர் எஸ்டேட்டின் நாற்றுப்பண்ணையை அவனை நம்பித்தான் ஒப்படைத்தார்கள். பைன் கன்றுகள் தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் நரசிம்மலு சொல்லியிருந்தார்.

தம்பி எதையும் திருத்தமாகச் செய்பவன். பைன் காட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்தான். வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது. கன்றுக்கு நோய் வரும் என்று அதை ஒதுக்கிவிட்டு, எங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து செம்மண்ணை லாரியில் வரவழைத்து, சலித்து, வெயிலில் காயவைத்துப் பைகளில் நிரப்பினான். விதை நன்றாகவே முளைத்தது. விரல் உயரம் வந்ததும் கன்றுகள் மஞ்சளடித்து நின்றுவிட்டன. உரம் வைத்தான், தண்ணீரைக் குறைத்தான், பிறகு கூட்டினான். ஒன்றும் சரிப்படவில்லை.

நான் பார்க்கப் போனபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வீடு பண்ணையை ஒட்டியே இருந்தது. அடுப்படிக்கு வெளியே இருந்த வரிசை மட்டும் கரும்பச்சையாக நின்றதுதான் அவனை இன்னும் குழப்பியது.

"அதே விதை, அதே மண்ணு. அதுக்கு மட்டும் யாரோ என்னமோ செஞ்சுபோட்டாங்கக்கா."

"ஏனுங்க, என்னையச் சொல்றீங்களா?" என்றாள் அவன் மனைவி ரூத். "காளான் கழுவுன தண்ணிய அங்கதான் ஊத்தறேன். சாக்கடை அடைச்சிருக்குதுன்னு எத்தன தடவ சொன்னேன்? கன்னு பேசுனாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்."

மழைக்குப் பைன் மரத்தடியில் வரும் காளான் அது. தொப்பிக்கு அடியில் மடிப்பு இருக்காது, பன் ரொட்டியைப் போலப் பொத்தலாக இருக்கும். வழவழப்பான தோலை உரித்துக் குழம்பு வைப்பார்கள். வேறு மரத்தடியில் நாங்கள் பார்த்ததில்லை.

"பூஞ்சை ஆகாதுன்னுதான மண்ணையே மாத்துனேன். காளானும் பூஞ்சைதான? அப்பறம் எப்படிக்கா?"

"எனக்கென்ன கண்ணு தெரியும்? இன்னைக்குப் பறிச்சத மத்ததுக்கெல்லாம் ஊத்திப் பாரு."

"அப்ப அண்ணிக்கு வெறும் ரசந்தானுங்க" என்றாள் ரூத், என்னைக் காட்டி.

குழம்புக்குப் பறித்து வைத்திருந்த ஒரு கூடைக் காளான் முழுவதையும் பக்கெட்டில் கசக்கிக் கரைத்து எல்லா வரிசைக்கும் ஊற்றினான்.

மறுவாரம் மேனேஜர் வந்தபோது மற்றவை மஞ்சளாகவே நின்றன. பச்சை வரிசையைக் காட்டி, "இதுக்கு என்ன போட்டே?" என்றார்.

"காளான் தண்ணிங்க."

"விளையாடறியா?"

ஏதாவது ஓர் உரத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. "ஏன் பச்சையாச்சுன்னு எனக்கும் தெரியலீங்க. வேற ஒண்ணும் ஊத்தலீங்க."

"மழை முடியட்டும், பாக்கலாம்" என்று போய்விட்டார்.

மழை முடிவதற்குள் முக்கால்வாசிக் கன்றுகள் பச்சை திரும்பின. மீதி ஏன் திரும்பவில்லை என்பதும் புரியவில்லை. தை மாதம் வேலை நிரந்தரமானது. இப்போது பக்கத்து எஸ்டேட்டுக்காரர்கள் அவனிடம் வருகிறார்கள். காளானைக் கையில் கொடுத்து அனுப்புகிறான்.

"ஊத்திப் பாருங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."