சொட்டு மருந்து டைமர்

என் மனைவிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விடவேண்டும் என்றார் விருதுநகர் டாக்டர். இடைவெளி தவறினால் கண்ணில் அழுத்தம் ஏறிவிடுமாம். சிவகாசி அச்சகத்தில் காலண்டர் தாள் எண்ணியே பழகிய எனக்கு, அந்தத் 'தவறினால்' நிம்மதியைக் கெடுத்தது.

பொழுதுபோக்குக்கு வாங்கியிருந்த, நிரல் எழுதி இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பஸ்ஸரும் பட்டனும் இணைத்தேன். விநாடிக்கு ஒரு முறை டைமர் இன்டரப்ட் வந்து நிரலை இடைமறிக்கும், எண்ணிக்கை ஏறும், இரண்டு மணி நேரம் ஆனதும் பஸ்ஸர் கத்தும், பட்டனை அழுத்தினால் அடங்கும்.

என் மேஜையில் பிசகாமல் ஓடியது. சமையல்கட்டில் வைத்தால் சாயங்காலத்துக்குள் கால் மணி நேரம் பின்தங்கியது. டைமருக்குக் கொடுத்த எண்ணை மறுபடி கணக்குப் போட்டேன். நேரத்துடிப்பைத் தரும் கிரிஸ்டலைச் சந்தேகப்பட்டு வேறு போர்டு மாற்றினேன். அதுவும் பின்தங்கியது.

"கடியாரத்தப் பாத்து நானே ஊத்திக்கிடுதேன். ஏன் இப்படிக் கெடந்து அல்லாடுதீக?" என்றாள் மனைவி.

"மங்கக் கண்ண வச்சுக்கிட்டு கடியாரத்த எப்படிப் பாப்ப?"

"அதான் மணிக்கு அறுவது தடவ நீங்களே நேரம் சொல்லுதீகளே!"

மறுநாள் பஸ்ஸர் கத்தும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவள் பட்டனைத் தொடவில்லை. கொல்லைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், துடைத்தாள், அடிபம்பின் இரும்புக் கைப்பிடியை ஒரு முறை தொட்டாள். பிறகுதான் வந்து அழுத்தினாள். பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள். உள்ளே நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை இறக்கவேண்டும் அங்கே.

"இது சின்ன பேட்டரிதான். ஒண்ணும் ஆகாது."

"தெரியும். கை கேக்க மாட்டேங்குதே."

பட்டன் அழுத்தப்படும்வரை காத்திருப்பதையும் நான் இன்டரப்டுக்குள்ளேயே எழுதியிருந்தேன். அவள் கழுவி வரும்வரை நிரல் அதிலிருந்து வெளியே வராமல், அடுத்த விநாடிகளை எண்ணாமல் நின்றிருக்கிறது. மேஜையில் நான் உடனே அழுத்திவிடுவதால் பிழை தெரியவில்லை.

எண்ணுவதை மட்டும் இன்டரப்டில் விட்டு, கத்துவதையும் காத்திருப்பதையும் வெளியே மாற்றினேன்.

"இனி எம்புட்டு நேரம் வேணும்னாலும் கழுவு. அது எண்ணிக்கிட்டே இருக்கும்."

"அப்ப அது உங்களுக்கு ஏத்த சோடிதான்" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸர் சரியான நேரத்தில் கத்தியது. அவள் குழாயடிக்குப் போனாள். நான் அவசரப்படுத்தாமல், மருந்துக் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.