பன்னிரண்டாம் நம்பர் படம்

கிழக்கேகோட்டையில் எனக்கு ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், காணாமல்போன பூனை, எது வந்தாலும் அடித்துத் தருவேன். பூனைகளில் இதுவரை ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் தானாக வந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பக்கத்திலிருக்கும் ஒரு பழைய கொட்டாரத்திலிருந்து ஆள் வந்தது. சனி, ஞாயிறுகளில் வீட்டைப் பார்வைக்குத் திறந்துவிடப் போகிறார்கள். சுவரில் தொங்கும் நாற்பது எண்ணெய் ஓவியங்களுக்கும் கீழே வைக்க தலா ஒரு கார்டு வேண்டும். கொட்டாரம் என்றதும் அரண்மனை என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு ஒழுகும். மாடியை வௌவால்களுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. கீழே ஈரச் சுவர்களில் படங்கள் மட்டும் வரிசையாக மாட்டியிருந்தன.

அங்கே மிச்சமிருந்தவர் ஒரு தங்கச்சி. ராஜ வழியில் வந்த பெண்களுக்கு இந்த ஊரில் அது பட்டம். எண்பதை நெருங்கியவரை ஐம்பதை நெருங்கிய நான் அப்படிக் கூப்பிட வேண்டும். அவர் என்னை சாமி என்பார். பூணூலைத் தவிர அதற்கு என்னிடம் வேறு ஆதாரம் கிடையாது.

தங்கச்சிக்குக் கண் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் எந்தப் படம் எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். நாற்காலியைப் படத்துக்குப் படம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, இது யார், யாருக்கு என்ன உறவு, எப்படிச் செத்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நோட்டில் நம்பர் போட்டு எழுதினேன்.

பதினொன்றாவது படத்தில் ஒரு காரணவர், குடும்பத்தின் மூத்த ஆண். மீசை சட்டத்தை விட்டு வெளியே வந்துவிடும் போலிருந்தது. அந்த மீசையைப் பற்றி எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்ல வேண்டும் என்று அதை மனசுக்குள்ளேயே செதுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது படத்தருகே தங்கச்சி ரொம்ப நேரம் பேசினார். வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில். நானும் உம் கொட்டினேன்.

கடைக்கு வந்து நோட்டைத் திறந்தால் '12' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம். பத்து நிமிஷ நடை. ஆனால் அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. படத்தில் ஒரு நடுவயதுப் பெண், நேரியது என்கிற மேல்துண்டை இழுத்துப் போர்த்தி, யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு பக்கம் திரும்பியிருந்தாள். நான் எழுதினேன்: 'தஞ்சாவூரிலிருந்து வந்த வீணைக் கலைஞர். மூன்று நாள் வாசித்தார். நான்காம் நாள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.' படத்தில் வீணை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. 'வீணையை இறக்கி வைத்து இளைப்பாறுகையில்' என்று சேர்த்துவிட்டேன். தஞ்சாவூர் எங்கள் மூதாதையர் ஊர். ஓசியில் ஊருக்கும் ஒரு பெருமை இருக்கட்டுமே.

தங்கச்சியால் கார்டைப் படிக்க முடியாது. குடும்பத்தில் மற்றவர்களுக்கு அக்கறை இல்லை. பார்க்க வந்தவர்களுக்கோ நாற்பதிலும் அதுதான் பிடித்தது. ஏன் சொல்லாமல் போனாள் என்று எதிரிலேயே நின்று தர்க்கம் செய்வார்கள். நானும் இரண்டு தடவை உறவினர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் கொட்டாரத்தைக் கைமாற்றுவது என்று முடிவாயிற்று. தங்கச்சியை அவருடைய தங்கை மகன் தம்பானூர்ப் பக்கம் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. குடும்பத்தார் படங்கள் குடும்பத்துக்கு, வெளியாட்கள் படங்கள் விற்பனைக்கு என்று சொத்தில் பங்குள்ள எல்லா அவகாசிகளும் கையெழுத்துப் போட்டாயிற்று. என் கார்டுகளை வைத்துத்தான் லிஸ்ட் தயாரானது. லிஸ்டைப் பிரதி எடுத்துக் கொடுக்கப் போனபோது அந்தத் தங்கை மகன் அலுத்துக்கொண்டார். வலியம்மா, அதாவது தங்கச்சி, ஒரே ஒரு படத்தைத்தான் கூடக் கொண்டுபோகக் கேட்கிறாராம். அதுவும் விற்பனைக்குப் போகிற வீணைக்காரி படமாம். புத்தி தடுமாறுகிறது போல.

அந்தக் கார்டு நான் விட்ட கதை என்று சொன்னேன். அவர் சிரித்தார். என்னைத் தெரிந்த எல்லோரும் நான் எது சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து மெல்ல நிறுத்தினார்.

"அப்போ இது ஆரு சாமீ? குடும்பத்து ஆள்னு ஒரு பேரும் முறையும் சொல்லுங்க. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன், படம் வலியம்மாகூட வரட்டும்."

இரண்டு பேருமாக உள்ளே போனோம். தங்கச்சி பன்னிரண்டாம் படத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தார். தங்கை மகன் கேட்டார். தங்கச்சியின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"பேரு வரல்லை மோனே. ரொம்ப நாளா வரல்லை." பிறகு நான் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சாரமில்லை, போகட்டும். சாமிகிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். சாமி எழுதி வச்சிருக்கார். சொல்லுங்க சாமீ."

தங்கை மகன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஒரு பேர் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பேர். முறையும் கூடவே வந்தது, தங்கச்சியின் அம்மாவுக்கு மூத்தவள் என்று. சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். தங்கச்சியே ஆமாம் என்று தலையாட்டியிருப்பார். அதுதான் பயமாக இருந்தது. அவருக்குள்ளே எங்கேயோ ஒரு பேர் கிடக்கிறது, அதன் மேல் நான் இன்னொன்றைத் தூக்கிப் போட வேண்டுமா?

"நான் எழுதலை தங்கச்சி. அன்னிக்கு நான் கேக்கவே இல்லை."

"பின்னே 'உம், உம்'னு சொன்னது?"

தங்கை மகன் பேனாவை மூடினார். அந்த வெள்ளிக்கிழமை படத்தை விலைக்கு வாங்கியவர்கள் ஜமுக்காளத்தில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள், "ஊர் பூரா கதை விடறேள். அங்க ஒண்ணு விட்டிருக்கப்படாதா? பாவம், படமாவது கூட இருந்திருக்குமே." நியாயம்தான். ஆயுசில் ஒரே ஒரு தடவை யோக்கியனாக இருந்து பார்த்தேன், அதுவும் இடம் தெரியாமல்.

ஃபிளாட்டுக்கு நாலைந்து தடவை போனேன். தங்கச்சிக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை. எழுதாவிட்டாலும் காதில் விழுந்திருக்கும், என்றைக்காவது ஞாபகம் மேலே வரும் என்று நம்புகிறார். என் செருப்புச் சத்தம் கேட்டதுமே தலையைத் தூக்கி, "ஓர்மை வந்தோ சாமீ?" என்பார்.

இல்லை என்பேன். மழை, பஸ் ஸ்டிரைக் என்று எதையாவது பேசிவிட்டு எழுந்து வருவேன்.

போன மாதம் போகவில்லை.