அம்மா கையெழுத்திட்ட சான்றிதழ்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. பக்கத்தில் போய்க் காதை வைத்தால் கேட்கிற கிசுகிசுப்பு மிஞ்சியது. தேவகோட்டையில் தலைமையாசிரியையாக இருந்தபோது மைக் இல்லாமலே காலைக் கூட்டம் நடத்தியவர். காரைக்குடியில் எங்கள் வீடு நீளவாக்கில் போகிற வீடு. முன்னறையில் அம்மா, பின்னால் சமையலறைப் பக்கம் நானும் என் மனைவியும்.

ஒரு நாள் காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் காபி கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அடி பலமில்லை. என் மனைவிதான் அழுதாள். “அத்த எம்புட்டு நேரமாக் கூப்பிட்டாகளோ, நமக்குக் கேக்கலையே.” எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அழைப்பு மணி வைக்கிறேன் என்றேன். மணியடித்து ஆளைக் கூப்பிடுவதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு முடிந்தது, வீட்டு மனுஷரை வாயால்தான் கூப்பிடுவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். சரி என்று நானே ஒன்று செய்தேன். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அம்மாவின் கட்டிலருகே பழைய டேப்லெட் ஒன்று. அதில் நான் எழுதிய ஒரு இணையப் பக்கம், பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான். தொட்டுப் பேசினால் கிசுகிசுப்புக்கூடப் பெரிதாகிச் சமையலறை ஸ்பீக்கரில் வரும்.

ஒரு சிக்கல். பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத இணையப் பக்கத்துக்கு பிரவுசர் மைக்கைத் திறந்துவிடாது. வீட்டுக்குள்ளேயே ஓடுகிற பக்கத்துக்கு வெளியாள் யார் வந்து சான்றிதழ் தருவார்? நாமே எழுதி நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கறுப்புத் திரையில் நாலு வரி ஸ்கிரிப்ட் அடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் பத்து வருஷத்துக்குச் செல்லுகிற சான்றிதழ் தயார்.

டேப்லெட்டில் திறந்ததும், இந்த இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று சிவப்புத் திரை வந்தது. அது அப்படித்தான் சொல்லும், கீழே இருப்பதை அமுக்கிவிட்டு மேலே போங்கள் என்றேன். அம்மா அமுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சான்றிதழைத் திறந்து காட்டச் சொன்னார். ஊர் உலகத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. அம்மா வரி விடாமல் படித்தார்.

“குடுத்தவன் பேரும் வாங்குனவன் பேரும் ஒண்ணா இருக்கு. இது செல்லாதுப்பா.”

எனக்கு மண்டை காய்ந்தது. பழைய கோபமும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் ஊரார் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் நகல்களுக்கெல்லாம் அம்மா பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், அதுவும் மூலத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. என்னுடையதை மட்டும் தொடமாட்டார். பெற்றவள் பிள்ளைக்குச் சாட்சி சொல்லக்கூடாதாம். பச்சைப் பேனா வீட்டிலேயே இருக்க, நான் கல்லலுக்கு பஸ் ஏறிப்போய் வேறொரு தலைமையாசிரியர் வீட்டு வாசலில் நின்றேன்.

“மறுபடி விழுந்து கெடந்தா யாருக்கும்மா கேக்கும்?” என்று கத்திவிட்டேன். அம்மா உதட்டை அசைத்தார். என் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஸ்கிரிப்டை மாற்றி எழுதினேன். முதலில், சான்றளிக்கிற அதிகாரி என்று அம்மா பெயரில் ஒரு சான்றிதழ். கையெழுத்துப் போடுகிற அவருடைய டிஜிட்டல் சாவிக்கு, அவரே வைத்துக்கொள்கிற ஒரு கடவுச்சொல். அந்தச் சாவி கையெழுத்துப் போட்டால்தான் என் பக்கத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். டேப்லெட்டில் அம்மாவை நம்பத்தக்கவர் என்று சேர்த்துவிட்டால் போதும். இனி சிவப்புத் திரை வராது.

லேப்டாப்பை அம்மாவின் மடியில் வைத்து, நீங்கள்தான் ஆபீசர், நான் மனு கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுச்சொல்லை அடித்தால் திரையில் ஒரு எழுத்தும் தெரியாது என்று முன்கூட்டியே சொன்னேன். அப்படியும் என்னை அங்குட்டுத் திரும்பச் சொன்னார். முத்திரை ஆபீசரிடம்தான் இருக்க வேண்டும். இன்றுவரை அந்தக் கடவுச்சொல் எனக்குத் தெரியாது.

சுவரைப் பார்த்தபடி கேட்டேன். “ஏம்மா, சொந்தப் பிள்ளைக்குப் போடலாமா?”

“ரிட்டையர் ஆயிட்டேன்ல. இப்பப் போடலாம்.”

புதுச் சான்றிதழையும் விடாமல் படித்தார். எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்டார். ஒரு வருஷம், அதற்குப் பிறகு நீங்கள்தான் மறுபடி போட வேண்டும் என்றேன். இதற்கும் பத்து வருஷம் எழுதியிருக்கலாம். வேண்டுமென்றேதான் முந்நூற்று அறுபத்தைந்து நாள் எழுதினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப, நான் இருக்கணும்கிற.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

போன மாதம் அந்த வருஷம் முடிந்தது. நான் மறந்தே போனேன். காலண்டரில் பச்சை மையில் சுழித்து வைத்திருந்தார் அம்மா. இப்போது விரல்கள் நடுங்குகின்றன. இரண்டு தடவை கடவுச்சொல் தப்பிப்போனது. நான் திரும்பவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சமையலறைக்கு ஓடினேன். என் மனைவி மிக்ஸியை நிறுத்தினாள். ஸ்பீக்கரில் முதலில் மூச்சு கேட்டது, அப்புறம் அம்மா.

“தம்பி, அடுத்த வருஷத்துக்கும் போட்டுட்டேன்.”