பலகை காலியானால் படகு கிளம்பும்

கடல் தாண்டிப் போய்ப் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் ஒரு பெரிய வேலையே இல்லை. பிள்ளைகளை எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பெட்டி கட்டிய என் போன்ற ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோலார் தங்க வயலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்திவிட்டு, அறுபது வயதில் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்குப் போனேன். போன வருஷம்தான் திரும்பினேன். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. விடுமுறை என்றால் வகுப்புப் பிள்ளைகளைப் படகில் ஏற்றிப் பக்கத்து மணல்திட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், போன அத்தனை பேரையும் திரும்பக் கூட்டிவர வேண்டும். இந்தப் பின்பாதியை நினைத்தே வியாழக்கிழமை இரவு எனக்குத் தூக்கம் வராது.

பிள்ளைகளோடும் ஊராரோடும் எனக்கு ஆங்கிலத்தில்தான் பேச்சு. அவர்கள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

குடத்தளவு தண்ணீர்

பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். தண்ணீர் என்றால் எனக்குக் குடத்தளவுதான் தெரியும். நீச்சல் தெரியாது. அப்படிப்பட்டவளை முதல் வெள்ளிக்கிழமையே இருபத்துநான்கு பிள்ளைகளோடு படகில் உட்கார வைத்தார்கள். அங்கே அந்தப் படகுக்குப் பெயர் தோணி. அந்தச் சொல் ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

படகோட்டி ஹசன், என் வயதுக்குப் பத்துப் பன்னிரண்டு குறைந்தவர். அவருடைய கடைசி மகள் ஐஷாவும் என் வகுப்பில்தான் படித்தாள். மாலையில் கிளம்பும் நேரம் வந்தால் ஹசன் பின்பக்கம் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை பதில் சொன்னால்தான் அடுத்த பெயர். கடைசிப் பெயருக்கும் பதில் வந்த பிறகே இன்ஜினைத் தொடுவார். எனக்கு அது தாங்க முடியாத தாமதமாகப் பட்டது. நானே தலைகளை எண்ணினேன். முதல் தடவை இருபத்துமூன்று, அடுத்த தடவை இருபத்தைந்து. மூன்றாம் தடவை எண்ணத் தொடங்கியபோது ஹசன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஓடுகிறதை எண்ண முடியாது மிஸ். கூப்பிடத்தான் முடியும்.”

கஜேந்திரன் சொன்ன வழி

முதல் வருஷ லீவில் ஊருக்கு வந்தபோது இதைத் தம்பி கஜேந்திரனிடம் சொல்லிப் புலம்பினேன். சுரங்கத்தில் இருபது வருஷம் இறங்கி ஏறியவன். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் காவலாளி வேலைக்காகக் காலை ரயிலைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தவன். இப்போது வீட்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் சொன்னதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்போடு இருமலும் வந்தது.

சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாசலில் ஆணி வரிசை அடித்த ஒரு பலகை இருக்கும். கீழே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்து பலகை காலியாக இருந்தால் எல்லாரும் மேலே வந்தாயிற்று. ஒன்று தொங்கினாலும் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான். எங்கள் ஊரில் இது பேச்சு வராத குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகவே தெரியும். எட்டு வயதில் ஒரு பகல் வேளையில் எங்கள் வீட்டு அலமாரிப் பாத்திரங்கள் தாமாகக் குலுங்கின. கீழே பாறை வெடித்திருந்தது. நைனா, எங்கள் அப்பா, அன்றைக்குக் கீழே இருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஷாஃப்ட்டுக்கு ஓடினாள். பலகையில் மூன்று டோக்கன்கள் தொங்கின. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். நைனாவுடையதை எடுக்க யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பலகையைப் பற்றி நானும் கஜேந்திரனும் பேசியதே இல்லை. அன்றைக்கு அவனே பேச்சை எடுத்தான்.

“எண்ணிகினு நின்னா ஆவுமாக்கா? ஷாஃப்ட்டுல எவன் எண்ணான்? பலகை சொல்லும், நீ கேட்டுக்க.”

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சந்தேகம்

மறுநாள் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போனேன். பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருகிறவர் ஒருவர் ஒரு பாத்திரக் கடையின் வாசலில் உட்கார்ந்திருப்பார். பித்தளைத் தகட்டில் வட்டமாக இருபத்துநான்கு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை போட்டு, ஒன்றிலிருந்து இருபத்துநான்குவரை எண் பொறித்துத் தரச் சொன்னேன். மனிதர் எதுவும் கேட்காமல் முதல் துண்டில் உளியை வைத்தார். மூன்றாவது துண்டு முடிந்ததும் கை நின்றது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு கடை தள்ளி இருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் பழைய சுரங்க ஷிஃப்ட் ஆட்கள் என்று நின்ற விதத்திலேயே தெரிந்தது. உளிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“இன்னாம்மா, மைன்ஸ மறுபடி தொறக்கறாங்களா?”

தொண்டைக்கு ஓய்வு

படகில் ஏறும் இடத்தில் ஆணி அடித்து மாட்டிய பலகை தீவில் பெரிய வெற்றி. மணல்திட்டில் இறங்கும்போது பிள்ளைகள் தங்கள் டோக்கனை ஆணியில் மாட்டுவார்கள்; திரும்பி ஏறும்போது எடுத்துக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொள்வார்கள். தங்கள் எண்ணை அவர்கள் பெயரைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஐஷாவுக்குப் பதினேழாம் எண். அவளுடைய தோழி ரிஃபாவுக்குப் பதினெட்டு. இரண்டு ஆணியும் பக்கத்தில் பக்கத்தில்.

எனக்கு வியாழக்கிழமைகளில் தூக்கம் வந்தது. பலகை காலியாகும், நான் கையை உயர்த்துவேன், படகு கிளம்பும். முதல் சில வாரம் ஹசன் பழக்கத்தை விடாமல் பெயரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பலகை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இனி எதற்குக் கத்துகிறீர்கள் என்று நான்தான் கேட்டேன். கேட்டது நான்தான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பலகையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அப்படியானால் என் தொண்டைக்கு வேலை போயிற்று மிஸ்.”

இரண்டு டோக்கன்கள்

மூன்றாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் போயிருந்த மணல்திட்டு நீளமானது. ஒரு கோடியில் ஆளுயரப் புதர்க் கூட்டம். அலை ஏறினால் அந்தப் புதர்தான் வெளியே தெரியும், மணல் முழுகிவிடும். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. மலையில்லாத இடத்தில் மழை வருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சாம்பல் நிறச் சுவர் நடந்து வரும். ஹசன் கை தட்டி எல்லாரையும் ஏறச் சொன்னார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள், டோக்கன்கள் கலகலவென்று ஆணியை விட்டுப் போயின. தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம், பிள்ளைகள் அதற்கடியில் பதுங்கிக்கொண்டார்கள். பலகையைப் பார்த்தேன். காலி. கையை உயர்த்தினேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். தார்ப்பாய்க்கடியிலிருந்து ரிஃபா என் பக்கம் ஊர்ந்து வந்தாள். மூடிய கையை என் மடியில் வைத்துத் திறந்தாள். பதினெட்டு. அதன்மேல் பதினேழு.

ஐஷா புதருக்குப் பின்னால் ஈர உடையை மாற்றிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்துவிடுவாள், தாமதமானால் மிஸ் திட்டுவார் என்று ரிஃபா அவளுடையதையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். கூட்டத்தில் அவளும் ஏறிவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். இதை அந்தக் குழந்தை சொல்லி முடிக்கும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. படகின் பின்பக்கம் தவழ்ந்தே போனேன். மழையில் சுக்கான் பிடித்து நின்ற மனிதரிடம், அவருடைய மகளைத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று சொல்ல எனக்கு இரண்டே சொற்கள் கிடைத்தன. “ஹசன். ஐஷா.” படகு அப்படியே சாய்ந்து திரும்பியது.

மணல்திட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. மழையும் கடலும் ஒரே நிறம். ஹசன் கடிகாரத்தைப் பார்க்காமல், திசைகாட்டியையும் பார்க்காமல், அலை படகைத் தட்டும் விதத்தைக் காலால் கேட்டுக்கொண்டு ஓட்டினார். ஒரு கட்டத்தில் இன்ஜினைத் தணித்துவிட்டு மகள் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி கூப்பிட்டார். இருபத்துமூன்று பிள்ளைகளும் தார்ப்பாயை விலக்கிக் காது கொடுத்தன. ஷாஃப்ட் வாசலில் அம்மாவின் கை என் மணிக்கட்டை எப்படி இறுக்கியது என்பது அப்போதுதான் எனக்கு மறுபடி நினைவு வந்தது. மூன்றாவது குரலுக்கு இடது பக்கமிருந்து மெல்லியதாக ஒரு பதில் வந்தது.

முழங்காலளவு தண்ணீரில் புதரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உடைமூட்டை தலையில். ஹசன் குதித்துப் போய்த் தூக்கி வந்தார். நான் அவளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். நடுங்கிக்கொண்டிருந்தாள், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, எனக்கே ஆறுதல் சொல்கிறவள்போலச் சொன்னாள்:

“பலகையில் என் பதினேழு தொங்கிக்கொண்டிருக்குமே மிஸ், அதனால் வந்துவிடுவீர்கள் என்று தெரியும்.”

ஹசன் வீட்டு வாசலில்

மறுநாள் தலைமையாசிரியை ஜமீலாவின் வீட்டுக்குப் போய் நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். அடுத்த முடிவு வரும்வரை படகுப் பயணம் கிடையாது என்றார். நியாயம்தான். அங்கிருந்து ஹசன் வீட்டுக்கு நடந்தேன். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்து நிமிஷ நடை. அன்றைக்கு அதற்கு அரை மணி ஆயிற்று.

அவர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பலகை காலியாக இருந்தது, ஐஷா நினைக்கிறமாதிரி அவள் டோக்கன் அங்கே தொங்கவில்லை, நீங்கள் பெயர் கூப்பிடுவதை நிறுத்தியதும் என்னால்தான். பிள்ளைகளைப் படகில் அனுப்ப வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஊரே கேட்கும், சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஒரு முடிச்சை அவிழ்த்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். உள்ளேயிருந்து ஐஷா யாரிடமோ சிரிப்பது கேட்டது. வலையைக் கீழே வைத்தார்.

“அவளிடம் சொல்லாதீர்கள். அவள் நம்பிக்கொண்டு நின்றதால்தான் நின்றாள்.”

தம்பி கேட்டது

சாயங்காலம் கஜேந்திரனுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டான். இருமக்கூட இல்லை. “பொண்ணு நல்லாகீதா?” என்றான். நன்றாக இருக்கிறாள் என்றேன். “அடுத்தவன் டோக்கன ஒருத்தன் தொடக்கூடாதுன்னு நீ சொல்லலியாக்கா, அந்தப் புள்ளைங்களுக்கு?”

சொல்லவில்லை. மாட்டவும் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். கயிறு கோக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. மறந்தேன் என்றுகூட இல்லை. அது சொல்ல வேண்டிய ஒன்று என்பதே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் கூடப்பிறந்தவன் டோக்கனைக்கூட ஒருவன் தொடமாட்டான். குடிகாரனும் தொடமாட்டான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இதைச் சொல்லிவிட்டு நான் அழுதேன். அவன் அழவிட்டான். பிறகு சொன்னான்:

“வுடுக்கா. நம்மகிட்ட அத்த யாரு சொன்னாங்க, நீ சொல்றதுக்கு?”

கடைசிப் பெயர்

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஹசனே பள்ளிக்கு வந்து ஜமீலாவிடம் பேசியிருக்கிறார். மறுநாள் படகு போனது. பலகையும் கூடவே போனது, அடுத்தவர் டோக்கனைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளைப் பத்துத் தடவை சொல்லவைத்தேன். ரிஃபா பதினோராவது தடவையும் சொன்னாள். திரும்பும் நேரம் பலகை காலியானது. நான் கையை உயர்த்தவில்லை. ஹசனைப் பார்த்தேன்.

அவர் பின்பக்கம் ஏறி நின்று பெயர்களைக் கூப்பிட்டார். இருபத்துநான்குக்கும் பதில் வந்தது. இன்ஜினைத் தொடுவார் என்று நினைத்தேன். தொடவில்லை. “வசந்தா!” என்று இன்னொரு பெயர் கூப்பிட்டார். மிஸ் இல்லை, டீச்சர் இல்லை. அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாரும் அப்படி உரக்கக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. ஹசன் காத்திருந்தார், படகு ஆடிக்கொண்டே நின்றது. கடைசியில் ஐஷாதான் என் முழங்கையை இடித்தாள்:

“மிஸ், இருக்கிறேன் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்பா கிளப்ப மாட்டார்.”

ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகிறது, எண்ணுவதற்குப் பிள்ளைகளும் இல்லை, கடலும் இல்லை. ஆனாலும் ராபர்ட்சன்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினால் பக்கத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன், அவர்கள் என்னை ஓட்டுக் கேட்க வந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.