எதிரே வரும் வண்டியைப் பார்த்து

இருபத்தெட்டு வருடங்கள் பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் இடையில் பஸ் ஓட்டினேன். வீதியோரம் நடப்பவர்களை எனக்குப் பெரும்பாலும் முதுகாகத்தான் தெரியும். ஹோன் அடிப்பேன், விலகுவார்கள். விலகாவிட்டால் ஏசுவேன். நடப்பதும் ஒரு வேலை, அதிலும் கவனம் வேண்டும் என்று அப்போது நான் நினைத்ததே இல்லை.

ஐம்பத்தாறாம் வயதில் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது பேச்சு திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் நான் நினைத்ததற்குக் கொஞ்சம் பிந்தியே அசைந்தது. கிளினிக்கில் நடைப்பயிற்சி கொடுக்கும் மிஸ் ஊன்றி நடக்க ஒரு பொல்லைத் தந்து, வெளியே போகும்போது இது கட்டாயம் கையில் இருக்க வேண்டும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்து அதை அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஊரையே பஸ்ஸில் ஏற்றித் திரிந்தவன் பொல்லோடு போவதை யார் கண்ணிலும் காட்ட எனக்கு மனமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வெறுங்கையோடு புறப்பட்டேன். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹோன் ஒன்று அலறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தார் முடிந்து மணல் தொடங்கும் பள்ளத்தில் இடது கால் சறுக்க, விழுந்துவிட்டேன். இரண்டு பேர் தூக்கி ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். முழங்காலில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த ட்ரைவரில் பிழை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் அடித்துக்கொண்டு போனவன்.

அதன்பிறகு இரண்டு மாதம் படலையைத் தாண்டி நடக்கவில்லை. பள்ளிவாசலுக்கும் ஓட்டோ, கடைக்கும் ஓட்டோ. வீட்டுக்குள் நடக்கும்போதுகூட கண் காலைவிட்டு அகலாது.

என் மனைவி கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்கிறவள். தினமும் காலையில் அந்த றோட்டால்தான் நடந்து போவாள். ஒருநாள் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"இவ்வளவு காலம் பஸ் ஓட்டின மனிசனுக்கு பஸ்ஸுக்கு முன்னால நடக்கத் தெரியாதா?"

"என்ன, நக்கலா?"

"நக்கலில்ல. உண்மையாத்தான் கேக்கிறேன். நீங்க ஓட்டக்குள்ள, றோட்டுல யாரக் கண்டா உங்களுக்குப் பயமில்ல?"

அவள் வேலைக்குப் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முகம் காட்டி எதிரே வந்தவர்களைக் கண்டு நான் பயந்ததில்லை. வெளிர் நிற உடுப்புக்காரர்கள் தூரத்திலேயே தெரிவார்கள். குறுக்கே போகும் முன் கையை உயர்த்தி என் கண்ணைப் பார்த்தவர்களுக்காக பிரேக்கில் கால் தானாகப் போகும். நின்ற பஸ்ஸின் முன்னாலிருந்து திடீரென்று பாய்ந்தவர்களைக் கண்டுதான் எனக்குப் பயம். எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆசனம்தான் மாறியிருந்தது.

மறுநாள் காலை வெள்ளைச் சேட்டைப் போட்டேன். அலுமாரிக்குப் பின்னாலிருந்து பொல்லை எடுத்தேன். மனைவி செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்வார் வைத்த சப்பாத்தை முன்னால் வைத்தாள். வாகனங்கள் எதிரே வரும்படி வலது பக்கமாக இருவரும் வாடியை நோக்கி நடந்தோம். தாருக்கு வெளியே ஓரடி தள்ளி மணல் இறுகிக் கிடந்தது. லொறி வரும்போது அதில் ஒதுங்கி நின்றேன், போனதும் நடந்தேன். கண்ணைக் காலிலிருந்து எடுத்து முன்னால் வைத்ததும் கால் எப்படியோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

வாடிக்குப் போகும் நாலு பெண்கள் மறுபக்கம் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். மனைவி கூப்பிட்டாள்: "இந்தப் பக்கம் வாங்கடி!"

"என்ன நானா, எங்களுக்கும் ட்ரைவிங் படிப்பிக்கிறீங்களா?" என்று, என்னை அண்ணன் முறையில் அழைக்கும் ஒருத்தி சிரித்தாள்.

"ட்ரைவிங் இல்ல, நடக்கப் படிப்பிக்கிறேன்," என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் அடுத்த நாளும் எங்கள் பக்கமாகவே வந்தார்கள். அதற்கடுத்த நாளும்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தனியாக ஜும்ஆவுக்குப் போனேன். சந்தியில் வீதியைக் கடக்க வேண்டும். தரிப்பிடத்தில் நின்ற பஸ் போகும்வரை பொறுத்தேன். பிறகு தூரத்தில் இன்னொரு பஸ் தெரிந்தது. கையை உயர்த்தி, கண்ணாடிக்குள் ட்ரைவரின் முகத்தைத் தேடினேன். அவனும் என்னைப் பார்த்தான். வேகம் குறைந்து பஸ் நின்றது. எனக்குத் தெரியாத இளம் ட்ரைவர். ஜன்னலால் தலையை நீட்டி, "ஆறுதலா போங்க, நான் நிக்கிறேன்," என்றான்.

நான் அவசரப்படவில்லை. பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொல்லு, இடது கால், வலது கால். அந்தப் பக்கம் ஏறி நின்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவனும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். இத்தனை வருட ஓட்டத்தில் கூட அப்படியொரு நிமிர்வு எனக்கு வந்ததில்லை.

பள்ளி வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது தெரிந்த ஒருவர் கேட்டார்: "யாரு கூட்டிட்டு வந்த?"

"ஒருத்தரும் இல்ல," என்றேன். "நடந்துதான் வந்தேன்."

கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.